குமாமோன் கார்ட்டூனில் பிறந்தவர் இல்லை: ஜப்பானின் செல்ல முகங்களைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

ஆபீஸ் வேலையாக ஜப்பான் போய்வந்த என் தங்கை வீட்டுக்காரர், எல்லோருக்கும் ஆளுக்கொரு சாவிக்கொத்து வாங்கி வந்திருந்தார். கறுப்பு உடம்பு, உருண்டை முகம், எதையோ பார்த்துத் திகைத்துப்போன மாதிரி விரிந்த கண்கள், இரண்டு கன்னத்திலும் குங்குமத்தை அப்பிவிட்டது போல் சிவப்பு வட்டம்.

"இது எந்தக் கார்ட்டூன்ல வரும் மாமா?" என்று என் பையன் கேட்டான்.

"ஏதோ கரடி கார்ட்டூன்டா. அங்க எங்க திரும்பினாலும் இதுதான்."

ஒரே பதிலில் இரண்டு தவறு. அவர் பேர் குமாமோன். அவருக்கென்று ஒரு கார்ட்டூன் வந்து, அதனால் பிரபலம் ஆனவர் இல்லை. ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள குமாமோட்டோ மாகாண அரசின் விற்பனை மேலாளர். பதவி விளையாட்டுக்குச் சொல்வதல்ல, முறைப்படி அறிவிக்கப்பட்டது. கரடியா என்று கேட்டால் மாகாணத் தரப்பு "கரடி இல்லை, குமாமோன்" என்றுதான் சொல்லும். கியூஷுவில் காட்டுக் கரடியே கிடையாது. பேரில் உள்ள 'குமா' கரடியைக் குறிக்கும் சொல் என்பது உண்மைதான், ஆனால் குமாமோட்டோ என்ற ஊர்ப்பேரின் முதல் பாதியும் அதுவே. 'மோன்' என்றால் அந்த வட்டாரப் பேச்சில் ஆள். நம்மூர்க் கணக்கில் 'மதுரைக்காரன்' என்று பேர் வைத்த மாதிரி.

இந்தச் சின்ன உருவங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் இதே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜப்பான் போகிறவர்கள், அங்கே உள்ளவர்களோடு வேலை செய்கிறவர்கள், தன் கடைக்கோ ஊருக்கோ இப்படி ஒரு பொம்மை செய்யலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோருக்கும் இவை தெரிந்திருப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது

டோரேமான், பிகாச்சு, ஹலோ கிட்டி, குமாமோன் நால்வரையும் 'ஜப்பான் கார்ட்டூன்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழ் டப்பிங்கில் டோரேமானைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பிறந்த இடம் வேறு வேறு.

டோரேமான் கதைக்குள் பிறந்தவர். பிகாச்சு 1996-ல் வீடியோ கேமில் பிறந்து டிவிக்குப் போனது. (பிகா என்று ஒரு மலை முயல் இனம் உண்டு, அதன் பேரைத்தான் வைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஜப்பானிய மொழியில் 'பிகா' மின்னலின் பளீர், 'சூ' எலியின் கீச்சு.) ஹலோ கிட்டிக்கு ஆரம்பத்தில் கதையே கிடையாது. 1974-ல் சான்ரியோ நிறுவனத்துக்காக யூகோ ஷிமிசு வரைந்த முகம் அது. முதலில் கடைக்கு வந்தது ஒரு சின்ன வினைல் சில்லறைப் பர்ஸாக. பர்ஸ் விற்ற பிறகுதான் குடும்பம், பிறந்த நாள், லண்டன் வீடு எல்லாம் சேர்ந்துகொண்டன. சரக்கு முதலில், கதை அப்புறம்.

குமாமோன் இந்த மூன்றிலும் சேராத நான்காவது ரகம். ஊருக்காக, அலுவலகத்துக்காக, ஒரு விழாவுக்காக உருவாக்கப்படும் மாஸ்காட். இதற்கு ஜப்பானில் 'யுரு-கியாரா' என்று பேர். ஓவியரும் எழுத்தாளருமான ஜுன் மியூரா 2000-களின் தொடக்கத்தில் பரவலாக்கிய சொல். 'யுருய்' என்றால் தொளதொளப்பு, இறுக்கமில்லாதது. 'கியாரா' என்பது 'கேரக்டர்' என்ற சொல்லின் ஜப்பானியச் சுருக்கம்.

தொளதொளப்பைக் குறை என்று நினைப்பது

'யுரு-கியாரா'வை 'அழகிய சின்னம்' என்று மொழிபெயர்த்தால் பாதி அர்த்தம் போய்விடும். மியூரா இதற்கு மூன்று இலக்கணம் சொன்னார்: சொந்த ஊர் மீதான பாசம் அதில் பொங்க வேண்டும், நடையும் அசைவும் தள்ளாட்டமாகத் தனித்து இருக்க வேண்டும், பார்த்தால் மனசு இளக வேண்டும். தள்ளாட்டம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மெருகில்லாமல் இருப்பது திறமைக் குறைவால் அல்ல.

ஷிகா மாகாணத்தில் ஹிகோனே கோட்டைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹிகோனியான் என்ற வெள்ளைப் பூனை, 2007-ல் அந்தக் கோட்டையின் 400-ஆம் ஆண்டு விழாவுக்காகப் பிறந்தது. தலையில் கொம்பு வைத்த சிவப்புப் போர்க்கவசத் தொப்பி, கழுத்தில் மணி. நேரம் குறித்து வெளியே வருகிறது. வந்து என்ன செய்கிறது என்கிறீர்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்க்கிறது. மெல்ல ஒரு கையைத் தூக்குகிறது. கூட்டம் "கவாயீ" (நம் 'செல்லம்' மாதிரி) என்று கூவுகிறது. வயதானவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். நம் ஊரில் பொம்மை வேஷம் போட்டவர் இப்படி நின்றால் "ஆடச் சொல்லுங்கப்பா" என்று குரல் வரும். அங்கே அந்த ஆடாமைதான் நிகழ்ச்சி.

அந்தச் சிவப்புத் தொப்பியும் சும்மா வரைந்தது இல்லை. கோட்டையை ஆண்ட ஈ குலத்தின் படை சிவப்புக் கவசத்துக்குப் பேர்போனது. பூனைக்கும் கதை உண்டு. அந்தக் குலத்து ஈ நாவோதாகாவை ஒரு கோயில் பூனை கையசைத்துக் கூப்பிட்டு இடியிலிருந்து காப்பாற்றியதாக ஐதீகம். இரண்டையும் கோத்துதான் ஹிகோனியான்.

எஹிமே மாகாணத்து இமாபாரி நகரின் பாரி-சான் இன்னும் கெட்டி. அது ஒரு கோழிக்குஞ்சு, ஏனென்றால் அந்த ஊர் கோழிக்கறிச் சுட்டலுக்குப் பேர்போனது. தலைக்கிரீடம், கடலின் மேல் போகும் குருஷிமா பாலத்தின் வடிவம். வயிற்றில் சுற்றியிருப்பது இமாபாரித் துண்டு. நமக்குக் கரூர் மாதிரி அவர்களுக்கு அந்த ஊர். கையில் கப்பல் வடிவப் பர்ஸ், கப்பல் கட்டும் தொழிலுக்காக. ஒரு மாவட்டப் பாடப் புத்தகத்தையே கோழிக்குஞ்சின் உடம்பில் ஏற்றிவிட்டார்கள். 2012-ல் யுரு-கியாரா போட்டியில் முதலிடம் அதற்குத்தான்.

இதைக் கவனிக்காமல், "பெரிய கண், சின்ன வாய், இளஞ்சிவப்பு, முடிந்தது" என்று படம் வரைபவர்கள்தான் இந்தத் தவறில் அதிகம் மாட்டுகிறார்கள். கண்ணை யாரும் வரையலாம். துண்டு எந்த ஊர்த் துண்டு என்பதுதான் கேள்வி.

'கவாயீ' என்றால் அழகு என்று எடுத்துக்கொள்வது

தமிழில் நெருங்கிய சொல் தேடினால் 'செல்லம்' கொஞ்சம் ஒத்துவரும், 'அழகு' ஒத்துவராது. 'கவாயீ'யின் வேர் 'காவாஹாயுஷி' என்ற பழஞ்சொல்: முகம் சிவக்கும் கூச்சம், பிறகு பார்க்கப் பாவமாக இருப்பது, அதிலிருந்து கொஞ்சத் தோன்றுவது என்று பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. 'பாவம்' என்று பொருள்படும் 'கவாய்சோ' இன்றும் பக்கத்து வீட்டுச் சொல். ஆகவே 'கவாயீ'யில் கொஞ்சம் பலவீனம் இருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அரண்மனைப் பெண்மணி செய் ஷோனாகோன் தன் 'தலையணைக் குறிப்புகள்' நூலில் கொஞ்சத் தக்கவற்றைப் பட்டியல் போட்டபோது எழுதியவை: பூசணி வகைக் காயொன்றில் வரைந்த குழந்தை முகம், கீச்சிட்டுக் கூப்பிட்டால் தத்தித் தத்தி வரும் குருவிக்குஞ்சு. வைரமும் பட்டும் அந்த வரிசையில் இல்லை.

உச்சரிப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'கவாயீ' என்று இழுத்துச் சொல்ல வேண்டியதை 'கொவாய்' என்று சொன்னால் 'பயமாயிருக்கு' என்று ஆகிவிடும். கோயம்புத்தூர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்கலாம். "நான் கோவை" என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி முழிப்பார்.

பாவமாக இருப்பது, அசடாக இருப்பது, சோம்பலாக இருப்பது எல்லாம் கவாயீக்குள் வரும் என்பதால்தான் சான்ரியோ 2013-ல் குதேதாமா என்ற முட்டை மஞ்சள் கருவைக் கொண்டுவர முடிந்தது. எதிலும் பிடிப்பில்லாமல் சோற்றின் மேல் படுத்துக்கிடக்கும் மஞ்சள் கரு. நம் பெரியவர்கள் பார்த்தால் "எந்திரிச்சு வேலையைப் பாரு" என்பார்கள்.

அவலட்சணமும் வரலாம். பழைய தலைநகர் நாரா, தான் தலைநகரான 1300-ஆம் ஆண்டை 2010-ல் கொண்டாடத் தயாரானபோது, சிற்பி சதோஷி யாபூச்சி செய்த சென்டோ-குன் 2008-ல் வெளியானது: புத்தர் சாயல் கொண்ட சிறுவன், மொட்டைத் தலையில் மான் கொம்பு. படம் வெளிவந்ததும் "அருவருப்பாக இருக்கிறது", "புத்தரை அவமதிக்கிறது" என்று எதிர்ப்பு கிளம்பியது. போட்டிக்கு மான்டோ-குன் என்று இன்னொரு மாஸ்காட்டையே செய்தார்கள். அந்தச் சண்டையிலேயே சென்டோ-குன் நாடறிந்த பையன் ஆனான். 2025 ஒசாகா உலகக் கண்காட்சியின் மியாகு-மியாகு, சிவப்பு உருண்டைகளும் ஆங்காங்கே கண்களுமாக வந்தபோதும் இதே கதைதான். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் அதன் பொம்மைக்கு வரிசையில் நின்றார்கள்.

(பேரின் கடைசியில் வரும் 'குன்', 'சான்', 'சன்' என்பவற்றைப் பேரின் பகுதி என்று நினைக்க வேண்டாம், மரியாதை ஒட்டுகள் அவை. 'குன்' கிட்டத்தட்ட நம் 'தம்பி'. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்றே பேர் வைத்தோமே, அந்த மனசுதான்.)

ஹலோ கிட்டி பூனையா என்ற சண்டைக்கும் ஒரு வரி. 2014-ல் அமெரிக்காவில் ஒரு கண்காட்சிக்கு விளக்கக் குறிப்பு எழுதிய மானுடவியலாளர் கிறிஸ்டீன் யானோவிடம் சான்ரியோ, "பூனை என்று எழுதாதீர்கள், அவள் ஒரு சிறுமி" என்று திருத்தியது. உலகமே கொந்தளித்தது. அப்புறம் நிறுவனம் அவள் மனித குணம் ஏற்றப்பட்ட உருவம் என்று விளக்கம் சொன்னது. கதைப்படி அவளே சார்மி என்ற பூனையை வளர்க்கிறாள். இதற்கு மேல் இதில் தலையைக் கொடுப்பது வீண்.

படம் நன்றாக இருந்தால் போதும் என்று நம்புவது

குமாமோனை வடிவமைத்தவர் மனாபு மிசுனோ. நல்ல படம்தான். ஆனால் படத்துக்குப் பின்னால் நடந்ததைப் பார்க்காமல் அவர் வெற்றியைப் பேச முடியாது.

2011 மார்ச் 12-ல் கியூஷு புல்லட் ரயில் பாதை முழுதாகத் திறக்கப்படவிருந்தது. குமாமோட்டோவுக்கு ஒரு பயம்: ஒசாகாவில் ஏறுகிறவர்கள் நம் ஊரில் இறங்காமல் நேரே கடைசி ஸ்டேஷனுக்குப் போய்விட்டால்? அதற்கான பிரசாரத்தில்தான் 2010-ல் குமாமோன் வந்தார். ஒசாகாவுக்கு அனுப்பி, 10,000 விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வா என்று வேலை தரப்பட்டது. கொஞ்ச நாளில் கவர்னர் இக்குவோ கபாஷிமா அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, "குமாமோனைக் காணவில்லை, ஒசாகாவின் கவர்ச்சியில் மயங்கிவிட்டார் போல, பார்த்தவர்கள் ட்விட்டரில் சொல்லுங்கள்" என்று அறிவித்தார். முகத்தில் சிரிப்பில்லாமல். ஒரு மாகாண ஆட்சித் தலைவர் பொம்மையைக் காணோம் என்று பிராது கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

2013-ல் கன்னத்துச் சிவப்பு தொலைந்துபோனது. கறுப்பு முகமாக அலைந்தார், தேடல் நடந்தது. தக்காளி, ஸ்ட்ராபெரி, செந்நிற மாட்டிறைச்சி என்று குமாமோட்டோவின் சிவப்புச் சரக்குகளைப் பேசவைக்கப் போட்ட நாடகம் அது.

இவ்வளவுக்கும் மேல் உள்ள முக்கியமான முடிவு உரிமம். குமாமோட்டோவை வளர்க்கும் பொருளாக இருந்தால், விண்ணப்பித்து அனுமதி பெற்ற உள்நாட்டு வியாபாரிகள் அவர் படத்தைக் கட்டணமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். மிட்டாய் கடைக்காரர், ஊறுகாய் போடுகிறவர், தக்காளி விவசாயி எல்லோர் பொட்டலத்திலும் அந்த முகம் வந்தது இப்படித்தான். 2011 நவம்பரிலிருந்து 2013 அக்டோபர் வரையிலான இரண்டு ஆண்டுகளில் மாகாணத்துக்குக் கிடைத்த பொருளாதாரப் பலன் சுமார் 12,300 கோடி யென் என்று ஜப்பான் வங்கியின் குமாமோட்டோ கிளை கணக்கிட்டது. உரிமத் தொகை வாங்கியிருந்தால் அரசுக்குக் கொஞ்சம் காசு வந்திருக்கும், இது நடந்திருக்காது. இலவசம் என்று கேள்விப்பட்டு நம் ஊர் டி-ஷர்ட்டில் அச்சடித்துவிட வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2018 முதல் கட்டணம் உண்டு.

உரிமத்தில் முன்கூட்டியே தெளிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஹிகோனியானே சாட்சி. வரைந்தவருக்கும் நகராட்சிக்கும் இடையே வழக்கு வரை போய்விட்டுச் சமரசத்தில் முடிந்தது.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி, நாமும் ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கிய ஊர்கள் ஏராளம். யுரு-கியாரா போட்டியில் 2011-ல் 349 உருவங்கள் கலந்துகொண்டன, 2015-ல் 1,727. பெரும்பாலானவற்றின் பேர் பக்கத்து ஊருக்கே தெரியாது. ஒசாகா மாகாண அரசில் ஒவ்வொரு துறையும் தனக்கொன்று செய்துவைத்துக் கூட்டம் தாங்காமல் போக, கீச்சான் பறவை வடிவ மோசுயானைத் தலைவராக்கி மற்றவற்றைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2018 போட்டியில் யோக்காயிச்சி நகராட்சி ஊழியர்கள் தங்கள் கொன்யூடோ-குன்னுக்காக மின்னஞ்சல் முகவரிகளைக் கொத்துக் கொத்தாக உருவாக்கி ஓட்டுப் போட்டது வெளியே வந்தது. கள்ள ஓட்டு நமக்கு மட்டும் சொந்தமில்லை பாருங்கள். அந்த ஆண்டு சைதாமாவின் ஷிகி நகரத்துக் காபாரு ஜெயித்தது. போட்டியும் 2020-ஓடு நின்றது.

குழந்தைகளுக்கானது என்று ஒதுக்குவது, எல்லாவற்றுக்கும் ஒட்டலாம் என்று நினைப்பது

இரண்டும் எதிர் எதிர்த் தவறு. டோக்கியோ போலீசுக்கு 1987 முதல் பிபோ-குன் இருக்கிறது. அசாஹிகாவா சிறைச்சாலைக்குக்கூட ஒரு மாஸ்காட் உண்டு. தயங்கி நிற்கும் குடிமகனுக்கும் கவுன்டருக்கும் நடுவே ஒரு மெத்தை போடுகிற வேலை அது. ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட சோதனையில், குட்டி விலங்குப் படங்களைப் பார்த்த பிறகு மாணவர்கள் நுணுக்கமான வேலையை இன்னும் நிதானமாகச் செய்தார்கள். ஆக, பெரியவர்களுக்கும் இதில் ஏதோ நடக்கிறது.

ஆனால் மெத்தையைப் போட்டு எதையும் மூடிவிட முடியாது. 1990-களில் அணு எரிபொருள் அமைப்பொன்று புளூட்டோ-குன் என்ற சுட்டிப் பையனை வைத்து, புளூட்டோனியம் கலந்த தண்ணீரைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்கிற தொனியில் படம் எடுத்தது. கண்டனம் குவிந்தது. பாடம் படித்திருப்பார்கள் என்றால், 2021 ஏப்ரலில் ஃபுகுஷிமா அணு உலைத் தண்ணீரைக் கடலில் விடும் முடிவு வந்த அதே நாளில், அதில் கலந்த டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கன்னம் சிவந்த குட்டி உருவமாக்கி அரசின் ஒரு துறை பிரசுரம் வெளியிட்டது. மறுநாளே எடுத்துவிட்டார்கள். வாழ்வாதாரம் போன மீனவரிடம் போய்க் கொஞ்சலாகப் பேசினால் வேறென்ன ஆகும்.

நேரில் பார்க்கும்போது

ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். "உள்ளே யார் இருக்காங்க?" என்று கேட்காதீர்கள், குழந்தை கேட்டாலும் மெல்லத் திசை திருப்புங்கள். உள்ளே யாரும் இல்லை என்பதுதான் அங்கே எல்லோரும் சேர்ந்து காக்கும் ஒப்பந்தம். நான் ஒரு விழாவில் முதுகு ஜிப் எங்கே என்று எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பாட்டியின் பார்வையில் குறுகிப்போனவன். பெரும்பாலான மாஸ்காட்டுகள் பேசா. கூட வரும் உதவியாளர்தான் பேசுவார். படம் எடுக்கலாமா, தொடலாமா என்பதை அவரிடம் கேளுங்கள். "இன்னும் ஒரு போட்டோ" என்று வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். 2019 ஜூலையில் ஒசாகா மாகாணத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் அந்த உடுப்போடு நடன ஒத்திகை பார்த்த இளைஞர் வெப்பத் தாக்கத்தில் இறந்திருக்கிறார்.

விதிக்கு விலக்கு ஃபுனாஷி. சிபா மாகாணத்து ஃபுனாபாஷியின் பேரிக்காய்த் தேவதை. பேசும், கத்தும், குதிக்கும், உடம்பை முறுக்கும். நகராட்சி அதை அங்கீகரிக்கவில்லை. ஒரு தனி ஆள் தன் போக்கில் தொடங்கியது, ஆனால் அங்கீகாரம் பெற்ற பலரைவிட அதற்குப் பேர். விலக்கை மட்டும் பார்த்துக் காப்பியடிப்பதும் ஆபத்துதான். நீர்நாய் வடிவச் சீட்டன் விபரீத சாகசங்களால் இணையத்தில் கொடிகட்டிப் பறந்தது. கோச்சி மாகாணத்து சுசாக்கி நகரம் 2019-ல், புகார் தாங்க முடியாமல், அதனுடனான உறவை முறித்துக்கொண்டது. அந்த ஊரின் சொந்த மாஸ்காட் ஷின்ஜோ-குன்னும் நீர்நாய்தான். ஜப்பானிய நீர்நாய் கடைசியாக உறுதியாகத் தென்பட்டது 1979-ல் அவ்வூரின் ஷின்ஜோ ஆற்றில். 2012-ல் அந்த இனம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. இல்லாமல் போன ஒரு பிராணியின் பேரில்தான் அந்தப் பொம்மை தலையாட்டிக்கொண்டு நிற்கிறது.

அவரைப் பொம்மை என்றே வைத்துக்கொள்ளலாமா

2016 ஏப்ரல் 14-லும் 16-லும் குமாமோட்டோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. குமாமோனின் ட்விட்டர் கணக்கு அமைதியானது, நிகழ்ச்சிகள் நின்றன. மீட்புப் பணி நடக்கும்போது பொம்மை ஆடுவது சரியில்லை என்பது ஒரு பக்கம். மறு பக்கம், "குமாமோன் பத்திரமா?" என்று நாடு முழுக்கக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மங்கா எனும் ஜப்பானியப் படக்கதை ஓவியர்கள் அவரை வரைந்து, தைரியமாக இரு என்று எழுதி அனுப்பினார்கள். நிதி திரட்டும் உண்டியல்களில் அவர் முகம்.

மூன்று வாரம் கழித்து, மே 5-ல், ஜப்பானில் குழந்தைகள் தினத்தன்று, சேதமடைந்த நிஷிஹாரா கிராமத்தின் மழலையர் பள்ளிக்கு அவர் வந்தார். மேடை கிடையாது, பிரசாரம் கிடையாது. பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்.